பெயர் சொல்ல விரும்பாத சகோதரர்

அத்தியாயம் 6

"வெளிய போங்க" என்று தேவஇரக்கம் இரண்டு முறை மரியாதையாகத்தான் சொன்னார். மூன்றாவது முறை அது "வெளிய போ" ஆகிவிட்டது. உப்பிலி அதற்குள் ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டிருந்தான். மருந்து கம்பெனி ரெப்பாகப் பத்து வருடம் டாக்டர் வீட்டு வாசல்களில் நின்றவன் அவன். எந்த வீட்டில் எத்தனையாவது நிமிடத்தில் கழுத்தில் கை வைப்பார்கள் என்று அவனுக்கு ஓர் உத்தேசம் உண்டு. இந்த வீட்டில் அது நாலு நிமிடம் முன்னதாகவே நடந்துவிட்டது.

அவனுடைய முதலாளி ஸ்வீட்லின் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மதுரையில் ஒரு தனியார் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு, மேலதிகாரியின் மைத்துனனையே பிடித்துக் கொடுத்த புண்ணியத்தில் வேலையை இழந்தவள். இப்போது ராஜபாளையத்தில் ஒரு பேட்டரி கடை மாடியில் துப்பறியும் அலுவலகம். வயது நாற்பத்து மூன்று. யார் கத்தினாலும் கத்தி முடியட்டும் என்று காத்திருப்பாள். அது பல பேருக்கு அடிப்பதைவிட மோசமாகத் தெரியும்.

"ஒரே ஒரு கேள்வி ஐயா" என்றாள். "உங்க ஆப்புல எழுபத்தோரு லட்சம் இருக்குன்னு காட்டுது. அதை வெளிய எடுக்க ஒன்பது லட்சம் வரி கட்டணும்னு கேக்காங்க. அந்த ஒன்பதை எழுபத்தொண்ணுல இருந்தே கழிச்சுக்கிட்டு, மீதி அறுபத்திரண்டைக் குடுக்கச் சொல்லுங்களேன்."

"அப்படி ரூல்ஸ் கிடையாது. கம்பெனி ஏஜெண்ட் சோஃபியா தெளிவா சொல்லிட்டா. சிங்கப்பூர் சட்டம் வேற."

"சோஃபியாவை நேர்ல பாத்திருக்கீங்களா?"

"நீ ஆண்டவரை நேர்ல பாத்திருக்கியா?"

இங்கேதான் உப்பிலி வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "ஆண்டவர் யாருகிட்டயும் ரிலீஸ் டாக்ஸ் கேக்கலையே ஐயா" என்றான். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த மூன்றாவது "வெளிய போ".

தேவஇரக்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் முப்பத்து நாலு வருடம் தூசி தின்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு படுக்கையறை வீடும் கையில் பதினெட்டு லட்சம் ரூபாயுமாக ஓய்வு பெற்றவர். அந்தப் பதினெட்டும் ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் டெல்ஃபோரா என்ற கிரிப்டோ ஆப்புக்குள் போயிற்று. முதலில் சும்மா பரீட்சை பார்க்கப் பத்தாயிரம் எடுத்துப் பார்த்தார், வந்தது. அதில் ஒரு மிக்ஸி வாங்கினார். அந்த மிக்ஸி சத்தத்தில் அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. இன்று மூன்று மணிக்கு வீட்டை ஒன்பது லட்சத்துக்கு அடமானம் வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகிறார். போட்டால் பதினெட்டோடு வீடும் சேர்ந்து போகும். இப்போது மணி பத்தரை.

"போலீஸ் கீலீஸ்னு போனீங்கன்னா அக்கவுண்டை முடக்கிருவாங்க. பொறவு என் எழுபத்தோரு லட்சத்துக்கு நீயா ஜவாப்பு?" என்று வாசல்வரை வந்து கத்தினார். "என் ஆசீர்வாதத்தைக் கெடுக்க என் மகளே ஆளு கூட்டிட்டு வாரா. ஏட்டி அக்சா, இனிமே இந்தப் படி ஏறாத."

கதவு சாத்தப்பட்டது. தெருவில் போன ஒரு பால்காரர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்சா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது இருபத்தேழு. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பைக்கில் சாய்ந்தபடி அவளுடைய புருஷன் பெனின். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். இரண்டு நாள் முன்பு அக்சா அவனையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தபோது, அட்வான்ஸ் ஐயாயிரத்தைப் போனிலிருந்து அனுப்பியது அவன்தான். அவனும் அதே ஆப்பில் நாலு லட்சம் போட்டு எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தான். ஆகவே உப்பிலிக்கு அவன் மேல் ஒரு பரிதாபம் இருந்தது.

"அப்பாவை இந்த ஆப்புல சேத்தது யாரு?" என்று ஸ்வீட்லின் கேட்டாள்.

"யாரும் இல்லன்னுதான் சொல்லுதாவ. ஒரு நாள் சோஃபியாகிட்ட இருந்து தானா மெசேஜ் வந்துச்சாம். தேவ நடத்துதலாம்" என்றாள் அக்சா.

"வரி முதல்லயே ஒன்பது லட்சம்தானா?"

"இல்ல. பன்னெண்டு கேட்டா. திங்கக்கிழமை சாயங்காலம் திடீர்னு மெசேஜ் போட்டா. கம்பெனி சலுகையாம், ஒன்பது குடுத்தா போதுமாம்."

"திங்கக்கிழமை வீட்டுல என்ன நடந்துச்சு?"

அக்சா யோசித்தாள். "பைனான்ஸ் சமுத்திரம் வந்து வீட்டைச் சுத்திப் பாத்தாரு. ஹால்ல உக்காந்து காப்பி குடிச்சாரு. இந்த வீட்டுக்கு ஒன்பதுக்கு மேல தர முடியாதுன்னாரு."

உப்பிலி விசிலடித்தான். "சிங்கப்பூர் வரி ஆபீஸுக்கு நல்ல காதுதான் மேடம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஹால்ல பேசினது கேட்டு மூணு லட்சம் தள்ளுபடி பண்ணியிருக்கான்."

"ஹால்ல யார் யார் இருந்தீங்க?"

"அப்பா, நான், இவிய" என்று பெனினைக் காட்டினாள். "சமுத்திரம்."

"எனக்கு அந்த ஆளு மேலதான் சந்தேகம்" என்றான் பெனின். "ரெண்டு பக்கமும் தின்னுவான் மேடம். இங்கிட்டு வட்டி, அங்கிட்டு கமிஷன். இல்லன்னா ராஜபாளையத்துல கௌதம்ராஜ்னு ஒருத்தன் கிரிப்டோ கிளாஸ் எடுத்தான். மாமா அங்கயும் ரெண்டு தடவை போயிருக்காவ. கொஞ்சம் அவனையும் பாருங்க."

ஸ்வீட்லின் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். உப்பிலி பின்னால் ஏறிக்கொண்டான். அவளை ஓட்ட விட்டுப் பின்னால் உட்காருவதைப் பற்றி ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள். இவனுக்கு அதில் வருத்தமே கிடையாது. பெட்ரோல் அவள் காசு.

கௌதம்ராஜின் அலுவலகத்தில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே இருந்த பேனரில் "மாதம் ஒரு லட்சம்" என்ற பகுதி மட்டும் கிழிக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து உள்ளே போன உப்பிலிக்கு முதலில் தெரிந்தது ஒரு கிரிக்கெட் மட்டை. அதைப் பிடித்திருந்த ஆளுக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு நாள் தாடி, கசங்கிய கோட்டு.

"எம்புட்டு போட்ட?" என்று மட்டையை ஓங்கியபடியே கேட்டான்.

"நான் எதுவும் போடல. மட்டையை நீங்களும் கீழ போடுங்க."

"நேத்து மட்டும் ஏழு பேரு வந்துட்டாங்க. ஒருத்தன் கண்ணாடியை உடைச்சான். ஒருத்தி மேல மண்ணை வாரித் தூத்துனா. நீங்க யாரு?"

உள்ளே இருந்து ஒரு பெண் குரல், "எவரு?" என்று தெலுங்கில் கேட்டது. "ஒண்ணுமில்ல" என்று அவன் தமிழிலேயே பதில் சொன்னான். அதில் இருந்த அலுப்பைப் பார்த்தால் அந்தக் கேள்வி இன்று பத்தாவது முறை வருகிறது என்று தெரிந்தது.

ஸ்வீட்லின் தேவஇரக்கத்தின் போட்டோவைக் காட்டினாள். "இவரை நீங்கதான் சேத்தீங்களா?"

"பெரியவரா? இல்ல. என் கூட்டத்துக்கு வந்தாரு. ஆனா வரும்போதே அவரு போன்ல ஆப் இருந்துச்சு. நான் லிங்க் குடுக்கப் போனா, ஏற்கெனவே இருக்குன்னு பெருமையா காட்டுனாரு. எனக்கு வயித்தெரிச்சல்."

"ஏன் வயித்தெரிச்சல்?"

கௌதம்ராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்க வேண்டும். மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஒரு ஆளைச் சேத்தா, அந்த ஆளு போடுற ஒவ்வொரு தடவையும் நமக்குப் பத்து பர்சென்ட். அவன் ஒரு லட்சம் போட்டா மறுநாளே நம்ம பேங்குல பத்தாயிரம். ஆப்புக்குள்ள இல்ல மேடம், நிஜ பேங்குல, நிஜக் காசு. அந்தக் கம்பெனியில நிஜமா இருந்தது அது ஒண்ணுதான். மத்தது பூராவும் ஸ்கிரீன்ல ஓடுற நம்பர்."

"அந்தப் பத்து பர்சென்ட் யாரு காசு?"

"சேந்தவன் காசுதான். வேற எங்க இருந்து வரும்?" என்றான் எரிச்சலாக. "இப்ப என் அக்கவுண்டை வேற ஸ்டேட் போலீஸ் முடக்கி வச்சிருக்கு. எனக்கு வந்த கமிஷன் அங்க எவனோ ஒரு வாத்தியார் போட்ட பணமாம். பால் வாங்க அம்மாகிட்ட கேக்கேன்."

"பாவம்" என்றான் உப்பிலி. "இதையும் கிளாஸ்ல சேத்துச் சொல்லியிருக்கலாம்."

"வெளிய போடா" என்றான் கௌதம்ராஜ். மட்டை மறுபடியும் கைக்கு வந்தது. காலையிலிருந்து இரண்டாவது இடம். உப்பிலி இந்த முறை செருப்பைக் கழற்றவே இல்லை என்பதால் சீக்கிரம் வெளியேற முடிந்தது.

வெளியே வந்ததும் அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "சமுத்திரம்தான் மேடம். சந்தேகமே இல்ல. பெரியவரை ஆப்புல கோத்து விட்டு, பத்து பர்சென்ட் வாங்கி, இப்ப வீட்டையும் அமுக்கப் பாக்கான். நேரா அவன் கடைக்குப் போயி நாலு வார்த்தை கேப்போம்."

"கேட்டா?"

"இல்லைம்பான்."

"அப்புறம்?"

ஸ்வீட்லின் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். "உப்பிலி, உங்களுக்குத் திடீர்னு ஒரு லட்சம் வந்தா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"வந்தது என் கடன்காரங்களுக்குத் தெரியாமப் பாத்துக்குவேன்."

"எங்க வீட்டுல அப்படி ஏதாவது வந்தா அம்மா முதல்ல பத்துல ஒண்ணை எண்ணி எடுத்து, கவர்ல போட்டு ஒட்டிருவாங்க. தசமபாகம். அப்பாவுக்கு போனஸ் வந்தாலும் சரி, சீட்டு விழுந்தாலும் சரி. அது கோயிலுக்குப் போற வரைக்கும் மீதி ஒன்பதுல ஒரு ரூபா தொட மாட்டாங்க. தொட்டா பிள்ளைங்களுக்கு ஏதாவது வந்துரும்னு ஒரு பயம்."

"சமுத்திரம் பட்டை பட்டையா விபூதி பூசுற ஆளு மேடம்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள். மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். வழியில் ஒரு சிமெண்ட் லாரி பின்னால் மாட்டிக்கொண்டு மெதுவாகப் போனதில் உப்பிலி வாயைத் திறக்கவில்லை. தூசி அப்படி.

தேவஇரக்கத்தின் குடும்பம் போகும் சபையின் கோயில் பூட்டியிருந்தது. ஆனால் முகப்பில் அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் இந்த வருடத்து மாத மடல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. ஆராதனை நேரம், பிறந்தநாள், கல்யாண நாள், கடைசிப் பக்கத்தில் காணிக்கைப் பட்டியல். யார் எந்த ஞாயிறு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பேர் பேராகப் போட்டிருந்தது. ஆண்டவருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்த வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. தன் வீட்டு மண்டகப்படிப் பத்திரிகையில் மாமா பெயரை இரண்டாவதாகப் போட்டதற்கு மூன்று வருடம் பேச்சுவார்த்தை நின்றதை உப்பிலி நினைத்துக்கொண்டான்.

ஸ்வீட்லின் ஜனவரி மடலிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். மூன்று இடத்தில் நின்றாள். மூன்றையும் போனில் படம் எடுத்தாள். உப்பிலி எட்டிப் பார்த்தான். மூன்றிலும் ஒரே வரிதான்: பெயர் சொல்ல விரும்பாத சகோதரர், ஸ்தோத்திர காணிக்கை. ஜனவரியில் மூவாயிரம். மார்ச்சில் ஐயாயிரம். மே மாதம் பத்தாயிரம்.

"நல்ல மனுசன்" என்றான். "எங்க ஊர்ல டியூப் லைட் வாங்கிக் குடுத்தாலே வெளிச்சம் தெரியாத அளவுக்கு அதுல பேரை எழுதுவான்."

கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஊழியரிடம் ஸ்வீட்லின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்தச் சபைக்குப் பொருளாளர் யாரு? காணிக்கைக்கு ரசீது போடுறது யாரு?"

"தேவஇரக்கம் ஐயாதான். ஒன்பது வருசமா அவிய கையெழுத்துதான்" என்றார் அவர்.

ஸ்வீட்லின் கண்ணை மூடித் திறந்தாள். உப்பிலி அவளிடம் இப்படி ஒரு முகத்தை இதுவரை பார்த்ததில்லை. ஜெயித்த முகமாக அது இல்லை. மணி இரண்டேகால். "போலாம்" என்றாள்.

சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் கூட்டம் நெருக்கியது. பத்திரம் எழுதுபவர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து முத்திரைத் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் தேவஇரக்கம் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பையில் வீட்டுப் பத்திரம். ஒரு பக்கம் பைனான்ஸ் சமுத்திரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மறு பக்கம் பெனின். அப்பா படி ஏறாதே என்று சொல்லியும் வந்திருந்த அக்சா தூணோரமாக நின்றிருந்தாள். உள்ளே பதினாலாம் டோக்கன் நடந்துகொண்டிருந்தது. இவர்களுடையது பதினேழு.

ஸ்வீட்லினைப் பார்த்ததும் தேவஇரக்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "இங்கயும் வந்துட்டியா? உனக்கு மானம் ரோசம் ஒண்ணும் கிடையாதா?"

"இருக்கு ஐயா. ஒரு நிமிசம் பேசிட்டுப் போயிருதேன்."

பெனின் எழுந்து நடுவில் வந்தான். "மேடம், உங்களுக்கு அட்வான்ஸ் குடுத்தது நான். வேலை போதும். மீதியை நான் பாத்துக்கிடுதேன். மாமாவுக்குப் பிரஷர் இருக்கு."

உப்பிலி சமுத்திரத்தை முறைத்துக்கொண்டிருந்தான். சமுத்திரம் அதைக் கவனித்து, "என்னலே முறைக்க?" என்றார். "வட்டிக்குக் குடுக்கிறவன்தானே நான். திருடன் இல்ல."

"அவரு திருடன் இல்லதான்" என்றாள் ஸ்வீட்லின். உப்பிலிக்கு முகம் தொங்கிவிட்டது. காலையிலிருந்து சேர்த்து வைத்த நாலு வார்த்தையும் வீண்.

அவள் தேவஇரக்கத்தின் முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "ஐயா, உங்க சபையில இந்த வருசம் பெயர் சொல்ல விரும்பாத சகோதரர்னு ஒருத்தர் மூணு தடவை ஸ்தோத்திர காணிக்கை குடுத்திருக்காரு. ரசீது நீங்கதான் எழுதுனீங்க. அவர் யாரு?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"பேரு வேண்டாம்னு கேட்டவர் பேரை வெளிய சொல்லுறது பொருளாளருக்கு அழகு இல்ல. ஒன்பது வருசத்துல நான் யாரு பேரையும் சொன்னதில்ல. இப்ப இது எதுக்கு? என் வீட்டுக்கும் காணிக்கைக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க சொல்ல வேண்டாம். இதைப் பாத்துட்டு மனசுக்குள்ள வச்சுக்கிடுங்க."

பத்திரம் எழுதுபவரிடம் ஒரு வெற்றுத் தாள் வாங்கி, பேனாவால் ஆறு எண்கள் எழுதினாள். "உங்க மக குடுத்த கணக்குப்படி, ஜனவரி ஒன்பதாம் தேதி நீங்க டெல்ஃபோராவுல போட்டது மூணு லட்சம். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த சகோதரர் காணிக்கை மூவாயிரம். மார்ச்சுல நீங்க போட்டது அஞ்சு லட்சம். அடுத்த ஞாயிறு காணிக்கை ஐயாயிரம். மே மாசம் நீங்க பத்து லட்சம், அவரு பத்தாயிரம். உங்களைச் சேத்த ஆளுக்கு அந்தக் கம்பெனி பத்துல ஒரு பங்கு கமிஷன் குடுத்திருக்கு. மூணு லட்சத்துக்கு முப்பதாயிரம். அந்த ஆளு தேவ பயம் உள்ளவரு. வந்த முப்பதாயிரத்துல பத்துல ஒரு பங்கை எடுத்து வச்சிட்டாரு."

உப்பிலி மனதுக்குள் கணக்குப் போட்டான். மூன்று முறையும் சரியாக வந்தது. திருடுகிறவனைப் பார்த்திருக்கிறான், திருடிவிட்டு உண்டியலில் போடுகிறவனையும் பார்த்திருக்கிறான். ஆனால் திருடியதில் பைசா சுத்தமாகப் பத்தில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, அதிலேயே மாட்டிக்கொண்டவனை இப்போதுதான் பார்க்கப்போகிறான்.

தேவஇரக்கம் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அசைவது நின்றது.

"மாமா, டோக்கன் கூப்பிடப் போறாங்க. எந்திரிங்க" என்றான் பெனின்.

அவர் எழவில்லை. மருமகனை நிமிர்ந்து பார்த்தார். "மாப்பிள்ளை, மே மாசம் நீங்க கவரைக் கொண்டாந்து குடுத்தப்ப, என்ன வருமானம்னு கேட்டேன். மில்லுல இன்சென்டிவ்னு சொன்னீங்க."

அக்சா தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"பத்தாயிரம் தசமபாகம்னா ஒரு லட்சம் வருமானம். மாசம் இருபத்திநாலாயிரம் சம்பளக்காரருக்கு மில்லுல எவன் ஒரு லட்சம் இன்சென்டிவ் குடுப்பான்? எனக்கு அது தோணலியே. உங்க கையின் பிரயாசத்தை ஆண்டவர் ஆசீர்வதிச்சிருக்காருன்னு சொல்லி, உங்க தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனேன் நான்."

"மாமா, நான் சொல்லுறதைக் கேளுங்க."

"போனைக் குடுங்க" என்றாள் அக்சா. அவள் குரல் வகுப்பில் பேசுவது போல இருந்தது. "பேங்க் மெசேஜைப் பாக்கணும். ஜனவரி பத்தாம் தேதியைப் பாத்தா போதும்."

பெனின் போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டான். அதற்கு மேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் ஏமாத்தணும்னு செய்யல" என்றான். "லோன் எடுத்துப் போட்ட என் நாலு லட்சம் உள்ள மாட்டிக்கிடுச்சு. ஆளு சேத்தா என் பணத்தை விடுறேன்னா சோஃபியா. மாமா ரிட்டயர்டு காசு பேங்குல சும்மாதான கெடக்குன்னு நம்பரைக் குடுத்தேன். அப்ப அது நல்ல கம்பெனின்னுதான் நானும் நம்புனேன்."

"திங்கக்கிழமை?" என்று ஸ்வீட்லின் கேட்டாள். "ஒன்பதுக்கு மேல பேராதுன்னு அவளுக்கு மெசேஜ் போட்டீங்களே. அன்னிக்கும் நல்ல கம்பெனிதானா?"

அவன் அவளை அடிக்கிற மாதிரிப் பார்த்தான். பிறகு சமுத்திரத்தை, பத்திரம் எழுதுபவரை, பெஞ்சிலிருந்த முகம் தெரியாதவர்களை எல்லாம் பார்த்தான். எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒன்பது லட்சத்துக்குத் தொண்ணூறாயிரம் வரும். அதை வச்சு லோனை அடைச்சிரலாம்னு பாத்தேன்" என்றான். பிறகு, பெரிய நியாயம் ஒன்றைக் கண்டுபிடித்தவன் போல, "ஆனா ஆண்டவருக்குள்ளதை நான் ஒரு ரூபா எடுக்கல மாமா. நீங்களே ரசீது போட்டிருக்கீங்க" என்றான்.

உப்பிலிக்கு இதற்குச் சொல்ல ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. தேவஇரக்கம் அந்தத் தாளை நாலாக மடிப்பதைப் பார்த்து விழுங்கிவிட்டான். அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அட்வான்ஸ் ஐயாயிரமும் இந்தக் கிழவருடைய சிமெண்ட் தூசிக் காசுதான் என்று இப்போதுதான் உறைத்தது. அதில் நேற்று அவன் புரோட்டா சாப்பிட்டிருந்தான்.

"டோக்கன் பதினேழு" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

தேவஇரக்கம் எழுந்தார். சமுத்திரமும் எழுந்தார். பெரியவர் நேராக உள்ளே போனார். மனுஷன் பிடிவாதத்தில் கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடுவாரோ என்று உப்பிலி எட்டிப் பார்த்தான். அரை நிமிடத்தில் அவர் திரும்பி வந்தார். மஞ்சள் பை அக்குளில் இறுக்கமாக இருந்தது.

"பத்திரம் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் சமுத்திரத்திடம். "உம்ம செலவு என்ன உண்டோ, வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடும்." பிறகு ஸ்வீட்லின் பக்கம் திரும்பினார். நன்றி சொல்வார் என்று உப்பிலி எதிர்பார்த்தான். "உன் வேலை முடிஞ்சதுல்லா? போ. இனிமே என் கண்ணுல படாத. என் குடும்பத்தை நடுத்தெருவுல வச்சு உரிச்சிட்ட."

"போறேன் ஐயா. அதுக்கு முன்னால சைபர் கிரைம் போலீஸ் நம்பர் 1930க்குப் போன் போட்டு, எந்தெந்த அக்கவுண்டுக்கு அனுப்பினீங்கன்னு சொல்லுங்க. பணம் ஏதாவது எங்கயாவது நின்னிருந்தா முடக்கிப் பிடிப்பாங்க. பூராவும் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப சொல்லலைன்னா ஒண்ணுமே கிடைக்காது. பொறவு பணத்தை மீட்டுத் தாரேன்னு எவனாவது ஃபீஸ் கேட்டு வருவான். அவனும் சோஃபியாவோட ஆளாத்தான் இருப்பான்."

பெனின் அக்சாவின் கையைப் பிடித்தான். "அக்சா, போலீஸ் மட்டும் வேண்டாம். வேலை போயிரும். அக்கவுண்டை முடக்கிருவாங்க. நம்ம வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்கிடலாம். மாமா, சொல்லுங்க."

தேவஇரக்கம் சட்டைப் பையில் கை விட்டார். போனை எடுத்தார். எண்களை அழுத்தினார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் பெயர் கேட்டது, ஊர் கேட்டது, தொகை கேட்டது. பதினெட்டு லட்சம் என்றார். பிறகு தேதி தேதியாகச் சொன்னார்.

"உங்களை இதுல சேர்த்த ஆள் யார்னு தெரியுமா சார்?"

ஒன்பது வருடமாக யார் பெயரையும் சொல்லாத மனுஷன் மகளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தக் குரல் கேட்டது.

அக்சா பெனினின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, அப்பாவிடமிருந்து போனை வாங்கினாள்.

"தெரியும் மேடம். எழுதிக்கிடுங்க. பெனின். வயசு முப்பத்தொண்ணு."

"அவருடைய முகவரி தெரியுமா?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்சா தன் வீட்டு முகவரியைச் சொல்ல ஆரம்பித்தாள்.